வீட்டுக்காரர் விபத்தில் போய்விட்டால்: சுங்கை சிப்புட் தோட்டத்து மக்களின் கேள்விகளுக்குப் பதில்

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மரண இழப்பீட்டு வழக்குகளின் கோப்புகளைக் கையாள்பவர். சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கு உரியது. பெயர்களை எடுத்துவிட்டோம்.

கேள்வி: வீட்டுக்காரர் மோட்டார்ல வேலைக்குப் போறப்ப லோரி மோதி இறந்துட்டாரு. வயசு 40. சொக்சோ பணம் வாங்கிட்டா லோரிக்காரன் மேல கேஸ் போட முடியாதுன்னு கிராணி சொல்றாரு. உண்மையாங்க ஐயா?

இல்லை அம்மா. தோட்டத்து எழுத்தரான கிராணி பாதியைத்தான் சரியாகச் சொல்லியிருக்கிறார். சொக்சோ என்பது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவு, வேலை தொடர்பான மரணத்துக்கு *முதலாளி* மேலும் அவருடைய மற்ற ஊழியர்கள் மேலும் வழக்குப் போடுவதைத்தான் தடுக்கிறது. மோதிய லோரி வேறு கம்பெனியுடையது என்றால் அந்தத் தடை இல்லை. இரண்டையும் கேளுங்கள்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் சொக்சோவில் வேலை விபத்துதான். மாதச் சம்பளம் சராசரி 2,000 ரிங்கிட் என்றால் நாளுக்கு 66.67. அதில் 90 விழுக்காடு, அதாவது நாளுக்கு 60 ரிங்கிட், மாதம் 1,800, சொக்சோ தரும். இதில் ஐந்தில் மூன்று பங்கு, 1,080 ரிங்கிட், உங்களுக்கு. மீதி 720 பிள்ளைகளுக்கு, 21 வயது வரை. முதல் பட்டப்படிப்பில் இருந்தால் அது முடியும் வரை.

லோரி மேல் போடும் வழக்கு 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் (சிவில் லா ஆக்ட்) 7ஆம் பிரிவில் வருகிறது. கணக்கு இப்படி: இறந்தவரின் சம்பளத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழிக்க வேண்டும். மீதியை 12ஆல் பெருக்கி, பிறகு ஆண்டுக் கணக்கால் பெருக்க வேண்டும். வயது 30க்குள் என்றால் ஆண்டுக் கணக்கு 16. 31 முதல் 59 வரை என்றால் 60இல் வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். 40 வயதுக்கு அது 10. சம்பளம் 2,200, அவர் செலவு 700 என்று வைத்தால் 1,500 x 12 x 10 = 180,000 ரிங்கிட். துக்க இழப்பீடாக உங்களுக்கு 30,000. அடக்கச் செலவு தனி.

2019 செப்டம்பர் 1க்கு முன் நடந்த மரணம் என்றால் அந்தத் துக்கப் பணம் 10,000தான். ஆண்டுக் கணக்கும் 60க்குப் பதில் 55இலிருந்து கழிக்கப்பட்டது. பழைய கேஸ் நடந்த வீடுகளில் கேட்டுவிட்டு "அவங்களுக்கு இவ்வளவுதான் கிடைச்சது" என்று மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எத்தனை மாசத்துக்குள்ள போடணும்? கருமாதி, திதி எல்லாம் முடியட்டும்னு இருக்கோம்.

இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள். அரசாங்க வாகனம், அரசாங்க மருத்துவமனை என்றால் 36 மாதம். அதுவும் அதே 3 ஆண்டுதான், ஆனால் வேறு சட்டம், தளர்வே இல்லை. ஆண்டுத் திதி வரை ஒன்றும் செய்யாமல் இருந்து, பிறகு வழக்கறிஞரைத் தேடும்போது சாட்சிகள் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். கருமாதிக்கு முன்னாலேயே போலிஸ் ரிப்போர்ட் நகலாவது கையில் இருக்கட்டும்.

கேள்வி: மகன் இறந்துட்டான். மருமகளுக்கும் எனக்கும் ஒத்துவரல. நான் தனியா கேஸ் போடலாமா?

போட முடியாது அம்மா. ஒரு மரணத்துக்கு 7ஆம் பிரிவில் ஒரே வழக்குதான். அதற்குள் மனைவி, பிள்ளை, தாய் தகப்பன், தாத்தா பாட்டி எல்லாருக்கும் பங்கு கேட்கலாம். அண்ணன் தம்பிக்கு இல்லை. மருமகள் வழக்குப் போட்டால் உங்கள் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். மகன் மாதாமாதம் உங்களுக்குக் கொடுத்ததற்குச் சான்று கொடுங்கள். வங்கிக் கணக்கில் போட்டிருந்தால் அந்தக் கணக்குப் புத்தகம் போதும்.

கேள்வி: என் பையனுக்கு 24 வயசு, கல்யாணம் ஆகல. மாசம் 600 வெள்ளி கொடுப்பான்.

ஆண்டுக் கணக்கு 16. 600 x 12 x 16 = 115,200 ரிங்கிட். அவன் முழுச் சம்பளத்தையும் கேட்க வேண்டாம், உங்களுக்குக் கொடுத்ததைத்தான் நீதிமன்றம் பார்க்கும். எதிர்த்தரப்புக் காப்புறுதிக் கம்பெனியின் வழக்கறிஞர், "கல்யாணம் ஆனால் கொடுப்பது குறைந்திருக்கும்" என்று வாதிடுவார். அதற்குத் தயாராக இருங்கள்.

கேள்வி: எங்க அப்பா செம்பனைக் குலை வெட்டுற காண்ட்ராக்ட்காரருகிட்ட ரொக்கமா கூலி வாங்குவாரு. பே ஸ்லிப்பே கிடையாது.

இங்கேதான் நிறைய வழக்கு தேய்ந்து போகிறது தம்பி. சட்டம் எதிராக இருப்பதில்லை, சம்பளத்துக்குச் சான்று இருப்பதில்லை. அப்பா கையெழுத்துப் போட்ட டன் கணக்கு நோட்டு இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள். எண்ணெய்க் கறை படிந்த பழைய நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை. எத்தனை டன், டன்னுக்கு எவ்வளவு, எந்த மாதம் என்று இருந்தால் அதுவே பாதி வழக்கு. பிறகு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வங்கியில் போட்ட தொகைகள், மோட்டார் தவணை கட்டிய ரசீது. காண்ட்ராக்ட்காரர் கோர்ட்டுக்கு வந்து "மாதம் இவ்வளவு கொடுத்தேன்" என்று சொன்னால் நல்லது, ஆனால் அவர் தம் கணக்கை வெளியே காட்டத் தயங்குவார். அவரிடம் உறவு நல்லபடி இருக்கும் முதல் மாதத்திலேயே, தேதி போட்டுக் கையெழுத்துடன் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

அப்பாவுக்கு வயது 60 தாண்டியிருந்தால் சம்பள இழப்பு கேட்க முடியாது. அம்மாவுக்குத் துக்க இழப்பீடும், அடக்கச் செலவும்தான்.

கேள்வி: லயத்துக்கு முன்னாடி ரோட்டுல கார் இடிச்சிட்டு நிக்காம போயிடுச்சு. நம்பர் தெரியாது.

எம்ஐபி எனப்படும் மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோவிடம் மனுச் செய்யலாம். அது கருணை அடிப்படையில் கொடுப்பது, உரிமை அல்ல. போலிஸ் ரிப்போர்ட்டும் விசாரணை முடிவும் இல்லாமல் மனு நகராது. அக்கம்பக்கத்துக் கடைகளில், வீட்டு வாசல்களில் சிசிடிவி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பல கருவிகள் சில நாளில் பழையதை அழித்துவிடும்.

கேள்வி: போலிஸ் "மேல் நடவடிக்கை இல்லை"ன்னு கேஸை மூடிட்டாங்க. எங்க கேஸும் அவ்வளவுதானா?

இல்லை. குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். உங்கள் இழப்பீட்டு வழக்கில் எது அதிகம் நம்பத்தக்கது என்பதே அளவு. சாலைப் போக்குவரத்துச் சட்டம் 41ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்ததற்கு 5 முதல் 10 ஆண்டு சிறையும், 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதமும் உண்டு. அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், வீட்டுக்கு வராது. ஓட்டுநர் தண்டிக்கப்பட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 426ஆம் பிரிவின்படி உங்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி அரசுத் தரப்பு வழக்கறிஞர் நீதிபதியிடம் கேட்கலாம். கேட்கச் சொல்லி அவரிடம் எழுத்தில் கொடுங்கள். தண்டனைக்கு முன் உங்கள் பாதிப்பைச் சொல்லவும் 183ஏ பிரிவில் இடம் உண்டு.

மூடிய கோப்பிலிருந்தும் 'ராஜா காசார்' என்கிற இடவரைபடத்தை வழக்கறிஞர் வழியாக வாங்குங்கள். அதில் ஏ, பி, சி என்று புள்ளி வைத்து, பக்கத்தில் தூரம் எழுதியிருப்பார்கள். டயர் தேய்ந்த தடம் எந்தப் பக்கத்துப் பாதையில் தொடங்குகிறது, கண்ணாடித் துண்டு எங்கே கிடந்தது என்று பாருங்கள். நடுக்கோட்டுக்கு இறந்தவர் வந்த பக்கம் கண்ணாடி சிதறியிருந்தால், எதிரே வந்தவர்தான் உள்ளே புகுந்திருக்கிறார் என்று வாதிட முடியும். இறந்தவர் ஹெல்மெட் போடாமலிருந்தால் அவர் பங்கென்று ஒரு பகுதியைக் கழிப்பார்கள். 30 விழுக்காடு என்று வைத்தால் மேலே சொன்ன 180,000 ரிங்கிட் 126,000 ஆகும்.

கேள்வி: எண்ணெய் ஆலையில பாய்லர் பக்கத்துல விபத்து. கம்பெனி, "நாங்களே பார்த்துக்கிறோம், கேஸ் வேண்டாம்"ங்குது.

கம்பெனி மேல் வழக்குப் போட முடியாது என்பதால் கம்பெனி சொன்னது பாதி சரி. ஆனால் சொக்சோ மனுவைத் தள்ளிப்போட அவர்களுக்கு உரிமை இல்லை. விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு முதலாளி அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் நீங்களே இறப்புச் சான்றிதழ், ஐசி நகல், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், போலிஸ் ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். சந்தா கட்டவில்லை என்பதற்காகவே வேலை விபத்து உரிமை போய்விடாது, அது முதலாளியின் குற்றம்.

பாய்லரைப் பழுது பார்த்தது வெளிக் கம்பெனி என்றால் அவர்கள் மேல் வழக்குப் போட வழி உண்டு. டோஷ் எனப்படும் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் விசாரணை நடக்கும். 2024 ஜூன் முதல் அதன் சட்டத்தில் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை. அந்தப் பணமும் உங்களுக்கு அல்ல, ஆனால் விசாரணையில் வெளிவருவது உங்கள் வழக்கறிஞருக்கு உதவும்.

கேள்வி: மருத்துவமனையில தப்பு நடந்துச்சுன்னு சந்தேகம். ஆனா அன்னிக்கே எரிச்சிட்டோம்.

எரித்துவிட்டால் மிகப் பெரிய சான்று போனது. இனி மருத்துவப் பதிவேடுதான் மிச்சம். முழுப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். அதை வேறொரு நிபுணர் படித்து, "இந்த நேரத்தில் இதைச் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை" என்று எழுதித் தந்தால்தான் வழக்கு நிற்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தேகம் இருந்தால் பூத உடலை வாங்கும் முன் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். "சாமி காரியம் தள்ளிப்போகுமே" என்று அவசரப்படும் சொந்தக்காரர்கள் பிறகு கோர்ட்டுக்கு வரமாட்டார்கள்.

கேள்வி: தம்பி லாக்கப்புல இறந்துட்டான்.

காவலில் மரணம் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 334ஆம் பிரிவின்படி கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) விசாரணை கட்டாயம். வழக்கறிஞரை வைத்துச் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட மேலே சொன்ன 36 மாதக் கணக்கு கொரோனர் முடிவுக்காகக் காத்திருக்காது.

கேள்வி: நாங்க கோயில்ல தாலி கட்டினோம். பதிவு பண்ணல. எனக்குப் பங்கு உண்டா?

சிக்கல் உங்களுக்கு, பிள்ளைக்கு இல்லை. 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம். பதிவில்லாத மனைவி இழப்பீடு கேட்ட வழக்குகளில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. கோயில் ரசீது, தாலி கட்டிய படம், ஒரே முகவரி உள்ள ஐசி, பிள்ளையின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர், எல்லாம் கொண்டு போங்கள். பிள்ளைக்குக் கேட்பதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: பிணவறை வாசல்லயே ஒருத்தர் கார்டு கொடுத்தாரு. ஜெயிச்சா 30 விழுக்காடு எடுத்துக்குவாங்களாம், இப்ப ஒரு காசு வேண்டாமாம்.

கார்டைக் கீழே போடுங்கள். வென்றால் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் பேசுவதைச் சட்டத்தொழில் சட்டம் 1976 இன் 112ஆம் பிரிவு தடுக்கிறது. பிணவறையில் ஆள் பிடிப்பவர் வழக்கறிஞரே இல்லை, தரகர். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார். பிறகு வழக்கு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. வக்கீல் மன்றத்தின் பதிவேட்டில் பெயரைச் சரிபாருங்கள். பணமில்லாதவர்களுக்கு அதன் சட்ட உதவி மையங்கள் உண்டு.

வழக்கறிஞர் வந்தபின் இரண்டு கேள்வி கேளுங்கள். வழக்கு தொடங்கிய 7 நாளுக்குள் லோரியின் காப்புறுதிக் கம்பெனிக்கு அறிவிப்பு அனுப்பினாரா? இறந்தவரின் சொத்து சார்பாகவும், அதாவது உரிமையியல் சட்டத்தின் 8ஆம் பிரிவில், கேட்பதானால் உயர்நீதிமன்றத்தில் அந்தச் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாகக் கடிதம் வாங்கிவிட்டாரா? கடிதம் வருமுன் சொத்து சார்பில் பதிந்த வழக்கு செல்லாது. மனைவி மக்கள் பெயரில் போடும் 7ஆம் பிரிவு வழக்குக்கு அது தேவைப்படாது. வாகன விபத்து எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே போடலாம்.

கேள்வி: காப்புறுதி ஆள் வீட்டுக்கு வந்து 35,000 வெள்ளி காசோலை தரேன், கையெழுத்துப் போடுங்கன்னாரு.

அந்தத் தாளின் கடைசி வரியைப் படியுங்கள். "முழுமையான, இறுதித் தீர்வு" என்று இருந்தால் அதற்குப் பிறகு உங்களுக்கு ஒன்றும் இல்லை. வயது வராத பிள்ளையின் பங்குக்குச் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும், அது இல்லாமல் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. தீர்ப்பிலோ சமரசத்திலோ பிள்ளைக்கு வரும் பணம் அமானா ராயா என்கிற அறங்காவல் நிறுவனத்திலோ வைப்புத்தொகையிலோ போடப்படும். பள்ளிக்கூடச் செலவுக்கு இடையில் எடுக்க வேண்டுமென்றால் ரசீதுகளுடன் நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.