உதவிப் புரோவிடம் சில கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு தனியார் கிளப்பில் 9 ஆண்டுகள் உதவி கோல்ஃப் புரோவாக இருந்தேன். ஓர் ஆண்டு எங்கள் வட்டாரக் கிளைச் சங்கத்தின் 'சிறந்த உதவிப் புரோ' விருதும் கிடைத்தது. இப்போது வேறொரு கிளப்பில் தலைமைப் புரோ. 'புரோ' என்பது புரொஃபஷனல் என்பதன் சுருக்கம். இளைஞர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் 'ப்ரோ' அல்ல. வந்த கேள்விகளில் இயன்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

விருது வாங்கியவர் என்கிறீர்கள். உங்களை டிவியில் பார்த்ததே இல்லையே?

டிவியில் வருகிறவர்கள் பிஜிஏ டூர் என்ற போட்டித் தொடரின் ஆட்டக்காரர்கள். நான் பிஜிஏ ஆஃப் அமெரிக்காவின் உறுப்பினன்; பிஜிஏ என்றால் புரொஃபஷனல் கோல்ஃபர்ஸ் அசோசியேஷன். இது 1916-இல் தொடங்கியது. கிளப்புகளில் வேலை பார்ப்பவர்களின் சங்கம். 1968-இல் போட்டி ஆட்டக்காரர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். பாகப்பிரிவினையில் குடும்பப் பெயரை இரண்டு வீட்டாரும் வைத்துக்கொண்டதால் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. என் மாமியாரே மூன்று ஆண்டுகள் டிவியில் என்னைத் தேடினார்.

உங்கள் ஒரு நாள் எப்படி இருக்கும்?

கோடையில் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளப்பில் இருக்க வேண்டும். மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ஓட்டிச்செல்லும் சிறு வண்டிகளான கார்ட்டுகள் வரிசையாக நிற்கின்றனவா, பயிற்சித் திடலில் பந்து நிரப்பியாயிற்றா, ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் யார் யாரோடு ஆடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு உறுப்பினர்களை ஒரே கார்ட்டில் ஏற்றிவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. பிறகு கிளப்பின் கோல்ஃப் சாமான் கடை, பாடம், சிறுவர் வகுப்பு, மாலையில் போட்டிக் கணக்கு.

மட்டைக்குப் பிடி மாற்றுவது எனக்குப் பிடித்த வேலை. மட்டையை வைஸ் என்ற இறுக்கும் கருவியில் கவ்வவைத்து, கொக்கிக் கத்தியால் பழைய ரப்பரைக் கீறி உரித்து, ஒட்டியிருக்கும் நாடாவையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். புதிய இருபக்க நாடாவைத் தண்டில் சுற்றி, நுனியைத் தண்டின் ஓட்டைக்குள் மடித்துச் செருக வேண்டும். புதிய பிடிக்குள் கரைப்பானை ஊற்றி, ஓட்டைகளை விரலால் அடைத்துக் குலுக்கி, அதை அப்படியே நாடாவின்மேல் ஊற்றிவிட்டு ஒரே மூச்சில் தள்ள வேண்டும். பாதியில் தயங்கினால் பிடி அங்கேயே நின்றுவிடும். அப்புறம் அதையும் கீறி எடுக்க வேண்டியதுதான்.

ஓர் உறுப்பினருக்கு மூட்டுவாதம், விரல்கள் மடங்காது. அவர் கேட்காமலேயே எல்லா மட்டைகளிலும் நாடாவை மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றிப் பிடியைத் தடிமனாக்கிக் கொடுத்தேன். மறுநாள் கடை வாசலில் நின்று 7-ஆம் எண் மட்டையை வெறுமனே பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. விருதுக்கு என் பெயரை எழுதி அனுப்பியவர் அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

இதற்கு என்ன படிக்க வேண்டும்? பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டுமா?

பெரிய ஆட்டக்காரர் வேண்டாம். கை நடுங்காதவர் போதும். நான் எழுதிய ஆட்டத் திறன் தேர்வு ஒரே நாளில் 36 குழிகள். அந்த மைதானத்தின் ரேட்டிங்கை, அதாவது கைதேர்ந்த ஓர் அமெச்சூர் சராசரியாக எடுக்கக்கூடிய அடிகளை, இரண்டால் பெருக்கி 15 கூட்டினால் இலக்கு. ரேட்டிங் 71 என்றால் 142, அதோடு 15, மொத்தம் 157 அடிகளுக்குள் முடிக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். முதல் முறை 35-ஆவது குழியில் பந்தைத் தண்ணீரில் போட்டு இலக்கை இரண்டு அடி வித்தியாசத்தில் தவறவிட்டேன். மறுமுறை தேறினேன்.

படிப்பு மூன்று கட்டம். கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்துகொண்டே படிக்க வேண்டும்: பயிற்சி முறை, கடைக் கணக்கு, புல்தரைப் பராமரிப்பு, ஆள் மேலாண்மை. பல்கலைக்கழகப் பட்டமாகவும் படிக்கலாம். மிச்சிகனின் ஃபெரிஸ் ஸ்டேட் 1975-இல் தொடங்கியதுதான் அந்த வகையில் முதல் பாடத்திட்டம்.

என் மகன் பொறியியலை விட்டுவிட்டு இதற்குப் போகிறேன் என்கிறான். என்ன சொல்ல?

அம்மா, முதலில் ஒரு கோடை முழுக்க ஏதாவது கிளப்பில் கார்ட் கழுவச் சொல்லுங்கள். செப்டம்பரிலும் அதே பேச்சுப் பேசினால் விடுங்கள். தொடக்கச் சம்பளத்தைக் கேட்டால் வருத்தப்படுவீர்கள். பாடம் எடுத்துக் கிடைப்பதுதான் கையில் மிஞ்சும். வடக்கே பனி கொட்டும் மாதங்களில் பலருக்கு வேலை இல்லை; பெட்டியைக் கட்டிக்கொண்டு ஃப்ளோரிடா கிளப்புகளுக்குப் போவார்கள். சனி, ஞாயிறு, விடுமுறை நாள் எதுவும் வீட்டுக்குக் கிடையாது. எங்கள் கல்யாணத்தை நவம்பரில் வைத்ததற்குக் காரணம் ஜோசியர் அல்ல.

நம் நிறத்தை வைத்து ஒதுக்குவார்களா?

எனக்கு நேர்ந்த கசப்புகள் சிறியவை. ஒரு கிளப்பில் விருந்தாளி ஒருவர் கார் சாவியை என் கையில் கொடுத்து நிறுத்திவிட்டு வரச் சொன்னார். நிறுத்திவிட்டு வந்து, அவருக்கே பாடம் எடுத்தேன்.

ஆனால் சங்கத்தின் வரலாறு சிறியதல்ல. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று 1934-இல் விதியில் எழுதி, 1961-இல்தான் நீக்கினார்கள். அதை நீக்க இடைவிடாமல் போராடியவர்களில் ஒருவர் கறுப்பின ஆட்டக்காரர் சார்லி சிஃபோர்ட். ஒஹையோவில் பில் பவல் என்ற கறுப்பினத்தவர், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியபின் மைதானங்களில் ஆடவிடாததால், தானே நிலம் திருத்தி 1948-இல் கிளியர்வியூ மைதானத்தைத் திறந்தார். அவருடைய மகள் ரெனே பவல் பின்னாளில் அங்கேயே தலைமைப் புரோ ஆனார். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிட வேண்டும்.

உதவிப் புரோவாக இருந்து பெரிய ஆளானவர்கள் உண்டா?

நிறைய. பைரன் நெல்சன் 1935, 36-இல் நியூஜெர்சியின் ரிட்ஜ்வுட் கிளப்பில் உதவியாளர். 1937-இல், கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸை வென்றார். 1945-இல் தொடர்ச்சியாக 11 போட்டிகள். பென் ஹோகனும் நியூயார்க் அருகே செஞ்சுரி கிளப்பில் உதவியாளராக இருந்தவர்தான். கிளாட் ஹார்மனை இன்னும் முக்கியமாகச் சொல்வேன். விங்ட் ஃபுட் கிளப்பின் புரோவாக இருந்துகொண்டே 1948 மாஸ்டர்ஸை வென்றார். அவரிடம் உதவியாளர்களாக இருந்த ஜாக் பர்க், டேவ் மார் இருவரும் பின்னர் பெரிய பட்டங்களை வென்றார்கள். நல்ல தலைமைப் புரோவிடம் சேர்வது சம்பளத்தைவிடப் பெரிது என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அண்மைக் காலத்தில் மைக்கேல் பிளாக். கலிஃபோர்னியாவில் ஒரு பொது மைதானத்தின் தலைமைப் புரோ. 2023 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளில் உலக நட்சத்திரம் ரோரி மெக்கில்ராயோடு ஆடி, 15-ஆவது குழியில் ஒரே அடியில் பந்தை உள்ளே போட்டார். பந்து தரையில் படாமல் நேராகக் குழிக்குள் விழுந்தது. 15-ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அன்று எங்கள் கடையில் ஒரு சட்டைகூட விற்கவில்லை; எல்லோரும் டிவி முன்னால்.

நீங்கள் வாரத்துக்கு எத்தனை முறை ஆடுகிறீர்கள்?

ஜூலையில் பத்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் பாதி ஆட்டம், 9 குழி. மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் தின்பதில்லை.

கடைசியாகச் சொந்தக் கேள்வி. அடிக்கும் பந்தெல்லாம் வலப்பக்கமாகவே வளைகிறது.

வலக்கைக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். அடிபடும் நேரத்தில் மட்டையின் முகம், மட்டை வரும் பாதையை ஒப்பிட்டால் வலப்பக்கமாகத் திறந்திருக்கிறது. தோளையும் இடுப்பையும் மாற்றுவதற்கு முன் கையைப் பாருங்கள். மட்டையைப் பிடித்துக் குனிந்து பார்க்கும்போது இடக்கையில் எத்தனை விரல் முட்டிகள் தெரிகின்றன? ஒன்றுதான் என்றால், இரண்டோ மூன்றோ தெரியும்வரை கையை மட்டையின்மேல் வலப்பக்கமாகத் திருப்பிப் பிடியுங்கள். முதல் இருபது பந்துகள் அசிங்கமாகப் போகும். ஒரு வாளி முழுக்க அடித்துவிட்டு, என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.