பீப்பி என்றால் என்ன குறைச்சல்?

ஐயா,
தெருக்கூத்தில் முகவீணை என்று ஒரு சின்னக் குழலை ஊதுகிறார்கள். தந்தியே இல்லாத கருவிக்கு ஏன் வீணை என்று பெயர்? மகன் கேட்டான், சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, எங்கள் பக்கம் ஊதுகிற எல்லாவற்றையும் ‘பீப்பி’ என்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. இந்தக் கொச்சையை ஒழிக்க வேண்டாமா? அப்புறம், நாதஸ்வரமா நாகஸ்வரமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

முகவீணைக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வடமொழியில் முகம் என்றால் வாயும்தான். வீணை என்ற சொல்லும் தந்தியோடு நின்றுவிடவில்லை. சாமவேதம் பாடுகிறவர் விரலில் சுரம் காட்டுகிற உடம்பையே காத்ர வீணை, அதாவது உடம்பு வீணை என்கிறது நாரதீய சிட்சை என்ற பழைய வடமொழி நூல். ஆக, வாயால் வாசிக்கிற வீணை. பையனிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்தக் ‘கூச்சம்’ இருக்கிறதே, அதை விடமாட்டேன். போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணத்தில் குழந்தை ஒன்று நாகஸ்வரக்காரரைக் காட்டி “பீப்பி!” என்று கத்த, அம்மா ஓடிவந்து வாயைப் பொத்தினார். வாசித்தவர் சிரித்தபடி பிள்ளை பக்கம் திரும்பி ஒரு சின்னப் பிடியை ஊதிக் காட்டினார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

நீங்கள் பூவரச இலையில் பீப்பி செய்திருக்கிறீர்களா? சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் அதுதான் எங்களுக்கு வாத்தியம். இலையை ஓரத்திலிருந்து இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கித் தட்டையாக்கி ஊதினால், நசுங்கிய இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு அலறும். நீளமாகச் சுருட்டினால் கனத்த குரல், குட்டையாகச் சுருட்டினால் கீச்சுக்குரல். நாகஸ்வரக்காரர் எச்சிலில் நனைத்து ஊதுகிற முனையில் செருகுகிறாரே சீவாளி, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. முகவீணையிலும் அதே கதைதான். அந்தப் பிள்ளை தப்பாகச் சொல்லவில்லை தம்பி, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது!

உறுமுவதால் உறுமி என்கிறோம், யாருக்கும் கூசவில்லை. 1853இல் இத்தாலியில் புத்ரியோ என்ற ஊரில் தொனாத்தி என்கிற 17 வயதுப் பையன் களிமண்ணில் ஓர் ஊதுகருவி செய்தான், பெயர் ஒக்கரினா. அந்த ஊர்ப் பேச்சில் வாத்துக்குஞ்சு என்று அர்த்தம். உலகமெல்லாம் அதே பெயரில்தான் வாசிக்கிறார்கள். காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் வைத்துப் பெயரிட்டால் கொச்சை, சமஸ்கிருதத்தில் இருந்தால் கௌரவம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

“ஏய் பீப்பி” என்று கலைஞனை ஏளனமாகக் கூப்பிடுகிறவனை நானும்தான் திட்டுவேன். வைதவன் வாய்க்குத்தான் சூடு போட வேண்டும், வார்த்தை என்ன செய்யும்? மரியாதை பேசுகிற நாம் நாகஸ்வரக்காரர் தோடி ராகத்தை விஸ்தாரமாக எடுக்கும்போது பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிறோம். அதற்குக் கூசுங்கள்.

நாதமா நாகமா என்கிற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை, ஆளை விடுங்கள்.