கையெழுத்துப் போடுபவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விமானந்தாங்கிக் கப்பல்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மேல்தளத்தில் வண்ண வண்ணச் சட்டைகளோடு ஓடுகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் மகன் அவர்களில் ஒருவன். அமெரிக்கக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்து விமான எஞ்சின் மெக்கானிக்காக இருக்கிறான். பச்சைச் சட்டை. கல்லூரியைப் பாதியில் விட்டவன். ‘ஆபீசராப் போயிருக்கலாமே, ஏன் இப்படிக் கையில கிரீஸோட?’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவனைக் கேட்டால் ‘முதல்ல சீஃப் ஆகணும்ப்பா, அப்புறம் பாக்கலாம்’ என்கிறான். பட்டம் இல்லாத மாலுமி அங்கே நிஜமாகவே அதிகாரி ஆகமுடியுமா? இல்லை, என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறானா?

ச.

அன்புள்ள ச.,

ஆகமுடியும். அமெரிக்கக் காங்கிரஸ் 1947-ல் இயற்றிய அதிகாரிகள் சட்டத்தின் வழியாக வந்தது லிமிடெட் டியூட்டி ஆபீசர் என்னும் பதவி, தன் தொழிற்பிரிவுக்குள் மட்டும் பணியாற்றும் அதிகாரி. எல்டிஓ என்பார்கள். பட்டம் கேட்பதில்லை. சுமார் பத்தாண்டு வேலையும், அந்த வேலையைப் பார்த்தவர்களின் பரிந்துரையும் வேண்டும். தேர்வானால் அதிகாரிகளின் முதல் படியான என்சைனாகத் தொடங்கி கேப்டன் வரை போகலாம். இன்னொரு வழி சீஃப் வாரண்ட் ஆபீசர் என்னும் தொழில்நுட்ப அதிகாரிப் பதவி. அதற்குப் பெரும்பாலும் ஏற்கெனவே சீஃப், அதாவது மாலுமிகளுக்குள் மூத்த பதவியான சீஃப் பெட்டி ஆபீசர், ஆகியிருக்கவேண்டும். இரண்டிலுமே விமானப் பராமரிப்புக்குத் தனிப் பிரிவு உண்டு. இப்படி அடிமட்டத்திலிருந்து மேலே வந்தவர்களை அங்கே ‘மஸ்டாங்’ என்று அழைப்பார்கள். வேறு பிரிவில், வேறு வழியில் என்றாலும், 1956-ல் மாலுமியாகச் சேர்ந்த மைக் போர்டா 1994-ல் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார்.

உங்கள் உறவினர்களின் கேள்விக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. கையால் வேலை செய்பவன் கீழே, கையெழுத்துப் போடுபவன் மேலே. நம்மிடம் ஆழமாக ஊறிப்போன எண்ணம் இது. ஸ்குவாட்ரன் என்னும் விமானப் படைப்பிரிவு ஒன்றின் பராமரிப்புப் பிரிவுக்குள் கொண்டுபோனால் இது உடனே குழம்பிவிடும், ஏனென்றால் அங்கே கையால் வேலை செய்பவர்கள்தான் கையெழுத்தும் போடுகிறார்கள்.

சூப்பர் ஹார்னெட் போர்விமானத்தில் எஃப்414 எஞ்சின்கள் இரண்டு. அதில் ஓர் எரிபொருள் குழாயை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய மாலுமி கையெழுத்திடவேண்டும். அதைச் சோதிக்கும் ஆய்வாளரான சிடிஐயும் பெரும்பாலும் அதே பட்டறையின் மாலுமிதான். தேர்வெழுதி, கமாண்டிங் ஆபீசரால் நியமிக்கப்பட்டவர். அவரும் கையெழுத்திடவேண்டும். எடுத்துச்சென்ற கருவிகள் எல்லாம் பெட்டிக்குத் திரும்பிவிட்டனவா என்று எண்ணவேண்டும். ஒரு சின்ன ஸ்பேனர் குறைந்தாலும் அது கிடைக்கும்வரை, அல்லது அந்த விமானத்தில் இல்லை என்று உறுதியாகும்வரை, விமானம் கிளம்பாது. கடைசியாக, ‘இது பறக்கலாம்’ என்று மெயின்டெனன்ஸ் கண்ட்ரோலில் ஒருவர் சான்றளிக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் விமானி படிவத்தில் கையெழுத்திட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார்.

அந்தச் சான்றை அளிப்பவர் பல நேரங்களில் ஒரு சீஃப். கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், பெறாதவர். கல்லூரிப் பட்டமும் கமிஷனும் உள்ள விமானி, ஒரு சீஃபின் கையெழுத்தை நம்பி உயிரை ஒப்படைத்துவிட்டுக் காக்பிட்டில் ஏறுகிறார். இதை உறவினர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆகவே ‘முதல்ல சீஃப்’ என்று உங்கள் மகன் சொல்வதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது. 1893 முதல் இருக்கும் பதவி அது. 1967 ஜூலை 29 அன்று வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் ஃபாரஸ்டல் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு ராக்கெட் தானாகப் பாய்ந்து, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. சாதாரணத் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு, பாதுகாப்பு உடைகூட இல்லாமல், தீக்குள் கிடந்த குண்டை நோக்கி முதலில் ஓடியவர் சீஃப் ஜெரால்ட் ஃபாரியர். குண்டு வெடித்து அங்கேயே இறந்தார். அன்று இறந்தவர்கள் மொத்தம் 134 பேர். நார்ஃபோக்கில் கடற்படையின் தீயணைப்புப் பள்ளிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த விபத்தின் காரணம் உங்கள் கேள்வியோடு தொடர்புடையது. விமானம், அதை உந்தி வானில் ஏற்றும் கேட்டபல்ட்டுக்கு வந்தபிறகே ராக்கெட்டின் மின்னிணைப்பைக் கொடுக்கவேண்டும் என்பது விதி. நேரம் மிச்சமாகும் என்று முன்கூட்டியே இணைத்துவிடுவது அந்தக் கப்பலில் வழக்கமாகியிருந்தது. வெளி மின்சாரத்திலிருந்து விமானத்தின் சொந்த மின்சாரத்துக்கு மாறும்போது ஏற்பட்ட மின்னோட்டத் தாவல் ராக்கெட்டைக் கிளப்பிவிட்டது. போர்க்காலம், அவசரம், எத்தனை விமானம் பறந்தது என்ற எண்ணிக்கை எல்லாருக்கும் வேண்டும். அத்தகைய நேரத்தில் ‘முடியாது’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்ல வேலை தெரிந்திருக்கவேண்டும், சொன்னது எடுபடப் பதவியும் வேண்டும். எல்டிஓ என்ற ஏற்பாட்டின் பயன் இங்கேதான் என்பது என் எண்ணம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உதிரிபாகம் வந்துசேராதபோது, நிற்கும் ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். காகிதத்தில் பார்த்தால் ஒரு விமானம் சரியாகிவிட்டது. இரவு ஷிப்டில் இருப்பவனுக்கு அது ஒரே வேலையை இரண்டு முறை செய்வது. கழற்றும்போது நல்ல பாகமும் கெட்டுப்போகலாம். நேராக அதிகாரியாக வந்தவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். பத்து வருடம் கழற்றி மாட்டியவருக்கு உடம்பிலேயே தெரியும்.

ஆனால் இழப்பும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. கமிஷன் வாங்கிய அன்று அவன் சீஃப்களின் மெஸ்ஸை விட்டு வெளியேறவேண்டும். அதுவரை கூட இருந்து உண்டவர்கள் இனி அவனுக்குச் சல்யூட் அடிப்பார்கள். முதல் சல்யூட் அடிப்பவருக்குப் புதிய அதிகாரி ஒரு வெள்ளி டாலர் கொடுப்பது அங்குள்ள மரபு. அதிகாரிகளின் உணவறையில் அவனுடைய பதவியில் இருப்பவர்கள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளாக இருப்பார்கள். இவன் முப்பதைத் தாண்டியிருப்பான். எல்லாவற்றையும்விடக் கடினம், ஸ்பேனரைக் கீழே வைப்பது. மஸ்டாங் அதிகாரி நல்லெண்ணத்தோடு எஞ்சினுக்குள் கைவிட்டால் அங்கிருக்கும் சிடிஐ வாய்திறக்கத் தயங்குவான். அவன் தயங்கினால் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தமில்லை. கைவேலையை நேசிக்கும் சிலர் இதற்காகவே சீஃபாகவே ஓய்வுபெறுகிறார்கள். அவர்கள் தோற்றவர்கள் அல்லர்.

நடைமுறையாக இரண்டு விஷயங்கள். இராணுவத்தில் செய்த விமானப் பராமரிப்பு வேலை, அமெரிக்க சிவில் விமானத்துறையின் ஏ அண்ட் பி மெக்கானிக் உரிமத் தேர்வுக்குத் தகுதியாகக் கணக்கிடப்படும். உடற்பகுதி, எஞ்சின் இரண்டுக்கும் சேர்த்து 30 மாத அனுபவம் வேண்டும். செய்த வேலைகளின் பதிவுகளை இப்போதிருந்தே அவன் பத்திரமாக வைத்திருக்கட்டும். அதிகாரி ஆனாலும் ஆகாவிட்டாலும் அது பயன்படும்.

அடுத்து, அவன் கிரீன் கார்டில் சேர்ந்தவனா என்று நீங்கள் எழுதவில்லை. மாலுமியாகச் சேர அது போதும். கமிஷன் பெறக் குடியுரிமை வேண்டும். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், சீஃப் தேர்வுக்குக் காத்திராமல் அந்த வேலையை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.