‘வருவதாக’ என்றால் வருவதாகத்தான்

கேள்வி: தேவனுடைய ராஜ்யம் என்பது நாம் மரித்தபின் போய்ச் சேரும் பரலோகம் என்றுதான் ஓய்வுநாள் பள்ளியில் கற்றேன். இப்போது எங்கள் சபையில் புது ஆலயம் எழும்புகிறது. “தேவ ராஜ்யத்தைக் கட்ட வாருங்கள்” என்று அச்சடித்த காணிக்கைக் கவர் வீடு வீடாக வந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகனோ, “ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறது என்று இயேசுவே சொல்லிவிட்டார், அப்புறம் ஆலயம் எதற்கு, கவர் எதற்கு?” என்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: மூவர் சொல்வதும் சரியில்லை. தம்பியாவது வேதத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுகிறார், அந்த வகையில் அவர் ஒரு படி மேல். ஆனால் நீங்கள் வருத்தப்பட வேண்டாம். உயிர்த்தெழுந்த இயேசு 40 நாள் சீஷர்களோடு இருந்து தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றித்தான் பேசினார் என்கிறது அப்போஸ்தலருடைய நடபடிகள். அத்தனை பாடமும் கேட்டுவிட்டு அவர்கள் எழுப்பிய கேள்வி, இஸ்ரவேலுக்கு ராஜ்யத்தை இப்போதா திருப்பிக் கொடுக்கப் போகிறீர் என்பது. அவர்களுக்கே அப்படியென்றால் நமக்கு என்ன!

முதலில் உங்களுடையது. பரமண்டல ஜெபத்தைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறீர்கள். அதில் என்ன கேட்கிறீர்கள்? “உம்முடைய ராஜ்யம் வருவதாக.” அந்த ராஜ்யத்துக்கு நாங்கள் போவோமாக என்று ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. அடுத்த வரியில் “பூமியிலேயும்” என்று வேறு இருக்கிறது. வேதத்தின் கடைசிப் புத்தகத்துக்குப் போனாலும் அப்படித்தான். புதிய எருசலேம் பரலோகத்திலிருந்து இறங்கி வருகிறது, தேவன் மனுஷரோடு வாசம் பண்ணுகிறார். நாம் ஏணி வைத்து ஏறப் பார்க்கிறோம், அவர் இறங்கி வந்துகொண்டிருக்கிறார்.

குழப்பம் எங்கே தொடங்கியது என்றும் சொல்லிவிடலாம். மத்தேயு ‘பரலோகராஜ்யம்’ என்று எழுதுகிறார். மாற்குவும் லூக்காவும் அதே இடங்களில் ‘தேவனுடைய ராஜ்யம்’ என்கிறார்கள். தேவ நாமத்தை வாயில் எடுக்கத் தயங்கிய யூத வழக்கப்படி மத்தேயு ‘பரலோகம்’ என்று மாற்றிச் சொன்னார் என்பது அறிஞர் பலர் தரும் விளக்கம். சந்தேகம் இருந்தால் மத்தேயு 19ஆம் அதிகாரம் 23, 24 வசனங்களைப் பாருங்கள். ஐசுவரியவானையும் ஒட்டகத்தையும் பற்றிய பகுதி. ஒரு வசனத்தில் பரலோகராஜ்யம், அடுத்த வசனத்தில் தேவனுடைய ராஜ்யம். பேச்சு ஒன்றேதான்.

ராஜ்யம் என்றதும் நமக்கு எல்லைக் கோடு போட்ட ஒரு நிலப்பரப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் “அந்த வீட்டில் மாமியார் ராஜ்யம்” என்று சொல்கிறோமே, அப்போது எந்த நிலத்தை நினைக்கிறோம்? யார் சொல்லுக்கு அங்கே மதிப்பு, எது அங்கே நடக்கும் என்பதைத்தானே. கிரேக்க மூலத்தில் உள்ள ‘பசிலெயா’ என்ற சொல்லுக்கும் முதல் பொருள் ஆளுகை. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் ‘இறையாட்சி’ என்று போட்டது அதனால்தான். சீர்திருத்தச் சபைகளில் சிலர் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பின் ஓசையை நானும் விடமாட்டேன், ஆனால் இந்த ஒரு இடத்தில் அவர்கள் போட்டதுதான் பொருளுக்குக் கிட்ட வருகிறது.

இதற்கு லூக்கா 19ஐவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு பிரபு ராஜ்யத்தைப் பெற்றுக்கொண்டு வரத் தூரதேசத்துக்குப் போகிறான் என்று இயேசு கதை சொல்கிறார். நிலத்தையா மூட்டை கட்டிக்கொண்டு வருவான்? கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது புரியாத கதை அல்ல. கி.மு. 4இல் பெரிய ஏரோது செத்ததும் அவன் மகன் அர்கெலாயு அப்படித்தான் ரோமாபுரிக்குப் போனான். ஆள வேண்டிய யூதேயா ஊரிலேயே இருந்தது. ஆளும் உரிமை மட்டும் ரோமப் பேரரசன் அகுஸ்துராயன் கையில் இருந்தது. இவன் எங்களுக்கு வேண்டாம் என்று யூதர் ஒரு தூதுக்குழுவைப் பின்னாலேயே அனுப்பினார்கள், கதையிலும் அப்படித்தான் நடக்கிறது. அகுஸ்து கடைசிவரை அவனுக்கு ராஜா என்ற பட்டத்தைக் கொடுக்கவில்லை என்பது தனிக் கதை.

செத்தபின் எங்கே போவோம் என்பது சின்னக் கேள்வி என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேதத்தில் வேறு சொல் இருக்கிறது. சிலுவையில் தொங்கிய கள்ளன் “உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது” என்னை நினைத்தருளும் என்றான். கவனியுங்கள், அவனும் ‘வரும்போது’ என்றுதான் சொன்னான். இயேசு அவனுக்குக் கொடுத்த வாக்கில் இருப்பது ‘பரதீசு’.

சரி, அந்த ஆளுகை எப்படி இருக்கும்? இயேசு விளக்கவுரை எழுதவில்லை, கதை சொன்னார். எனக்கு மிகவும் பிடித்தது திராட்சத்தோட்டக் கூலியாட்கள் கதை. விடியற்காலையில் வந்தவனுக்கு ஒரு பணம் என்று பேச்சு. பதினோராம் மணி வேளைக்கு, அதாவது மாலை ஐந்து மணிக்கு, எஜமான் மறுபடியும் சந்தைவெளிக்குப் போகிறார். இன்னும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், ஒருவரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். கூலிக்கு ஆள் எடுக்கும் முச்சந்தியில் காலையிலிருந்து நின்று, பொழுது சாயும் நேரத்தில் தூக்குவாளியோடு திரும்பி நடக்கிறவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதிலின் கனம் தெரியும். அவர்களுக்கும் அதே ஒரு பணம். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் அடுப்பு எரியும் கூலி அது. காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள், நாமும் அவர்கள் பக்கம்தான் நிற்போம். தேவன் ஆண்டால் கூலி இப்படித்தான் பட்டுவாடா ஆகும் என்று சொல்லும் இந்தக் கதையை, செத்த பிறகு திறக்கும் ஊருக்கு வழிகாட்டியாக எப்படி வாசித்தோம் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

ரோமர்கள் நம்மைவிடச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். மரித்தபின் மோட்சம் உண்டு என்று போதிக்கிறவனைச் சிலுவையில் அறைய ரோம ஆளுநர் பிலாத்துவுக்கு என்ன அவசியம்? சிலுவையின்மேல் எபிரெயு, கிரேக்கு, லத்தீன் என மூன்று பாஷைகளில் அவன் எழுதிவைத்த குற்றச்சாட்டு ‘யூதருடைய ராஜா’ என்பது. “என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல” என்று இயேசு சொல்லவில்லையா என்று உடனே கேட்பீர்கள். சொன்னார். மூலத்தில் அது இந்த உலகத்திலிருந்து பிறந்ததல்ல என்ற பொருளில் நிற்கிறது. அதே மூச்சில், அப்படிப் பிறந்திருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்கள் என்கிறார். அந்த ஆளுகை வந்து சேரும் இடம் பூமிதான். பட்டயத்தால் அது வராது என்பதே அங்கே பேச்சு.

தம்பி காட்டும் வசனத்துக்கு வருவோம். லூக்கா 17:21. “தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே.” இதை இயேசு யாரிடம் சொன்னார்? அவரோடு ஓயாமல் வாதாடிய யூத மதக் கட்சியாரான பரிசேயரிடம். அவர்களுடைய நெஞ்சுக்குள் தேவன் ஆளுகை செய்துகொண்டிருந்தார் என்றால் அவர்களோடு அவருக்கு ஏன் அத்தனை வழக்கு? ‘உங்களுக்குள்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கே இரண்டு அர்த்தம் உண்டு. “உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்றால் மனதுக்குள் முணுமுணுத்துக்கொள்ளுங்கள் என்றா அர்த்தம்? சீஷர்கள் பெரிய இடத்துக்கு அடித்துக்கொண்டபோது இயேசு சொன்ன “உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது” என்பதும் இந்த வகைதான். உங்கள் நடுவே, நீங்கள் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் விதத்தில். பிசாசுகள் ஓடின, வரி வசூலிக்கும் ஆயக்காரனோடு பந்தி நடந்தது, எல்லாம் பரிசேயரின் கண்ணெதிரே. அதுதான் அவர்கள் நடுவே வந்திருந்த ராஜ்யம். அதன் முழுமை இன்னும் வரவில்லை, அதனால்தான் ‘வருவதாக’ என்று இன்றும் கேட்கிறோம். ஆக, தம்பி அதை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிவிட முடியாது. நாலு பேரோடு வாழ்ந்துதான் ஆக வேண்டும்.

கடைசியாகக் கவர். புதிய ஏற்பாடு முழுவதும் தேடிப் பாருங்கள். ராஜ்யத்தைத் தேடலாம், ஏற்றுக்கொள்ளலாம், அதில் பிரவேசிக்கலாம், அதைச் சுதந்தரிக்கலாம், அதற்காகக் காத்திருக்கலாம். ‘கட்டலாம்’ என்று ஒரு இடத்திலும் இல்லை. பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது ராஜ்யத்தின் பொருட்டு உடன்வேலையாட்களாய் இருந்தவர்களைப் பற்றிச் சொல்கிறார், அதை மறைக்க மாட்டேன். வேலை உண்டு, கொத்தனார் நாம் இல்லை. மாற்கு 4இல் வரும் விவசாயி விதைத்துவிட்டுத் தூங்கப் போகிறான். அவனுக்குத் தெரியாத விதமாய்ப் பயிர் முளைக்கிறது.

நாமே கட்டப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சரித்திரம் ஏற்கெனவே காட்டிவிட்டது. கி.பி. 303இல் ஆலயங்களை இடி, வேதப் பிரதிகளை எரி என்று ஆணையிட்டது ரோம அரசு. 22 வருஷம் கழித்து, 325இல், கான்ஸ்டன்டைன் பேரரசர் ஆயர்களுக்கு விருந்து வைத்தார். உருவிய வாளோடு நின்ற காவலர் நடுவே ஆயர்கள் பயமில்லாமல் நடந்து உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்கள். கிறிஸ்துவின் ராஜ்யத்தையே படம் வரைந்து காட்டியதுபோல் இருந்தது என்று பூரித்து எழுதினார் செசரியா ஆயர் யூசேபியஸ். அந்த வாள்கள் அவருக்கு உறுத்தவில்லை. 1534இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்தில் ஒரு தையற்காரர் தன்னை ராஜாவாக அறிவித்து, இதுவே புதிய எருசலேம் என்றார். மறு வருஷம் முற்றுகையிலும் பட்டினியிலும் நகரம் விழுந்தது. அவரையும் இரண்டு கூட்டாளிகளையும் கொன்று உடல்களைத் தொங்கவிட்ட மூன்று இரும்புக் கூண்டுகள் அங்கே ஆலயக் கோபுரத்தில் இன்றும் இருக்கின்றன. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையை அந்த ராஜ்யத்தின் வித்து, தொடக்கம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் சபைக்கு ஆலயம் வேண்டும், மழையில் ஒழுகாத கூரை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். முடிந்ததைக் கொடுங்கள். ரசீதில் மட்டும் ‘ஆலயக் கட்டட நிதி’ என்று எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.