மருத்துவமனைக் கிருமிகள் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அடங்காமல் போவது எப்படி?

பல வகை ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் சாகாத பாக்டீரியாவைத்தான் பன்மருந்து எதிர்ப்புக் கிருமி என்கிறோம். ஐசியூவில் மருந்து ஓயாமல் புழங்குகிறது. தாங்காதவை சாக, தாங்குபவை பெருகும். இது பாதிக் கதைதான்.

கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளில் பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையம் இருக்கும். பல மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள் அந்த ஒரே வளையத்தில் சேர்ந்துகொள்ளலாம். கிருமி பக்கத்துக் கிருமியோடு ஒட்டி அந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும், வேறு இனமானாலும் சரி. பரீட்சைக்கு ஒருவன் எழுதிய பிட்டை வகுப்பே ஜெராக்ஸ் எடுப்பதுபோல. ஷிகெல்லா, ஈ.கோலை என்ற இரு குடல் பாக்டீரியாக்களுக்கு இடையே நான்கு மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே மூச்சில் கைமாறுவதை ஜப்பானியர் 1959இலேயே கண்டார்கள். இதில் கொடுமை, ஒரு மருந்தை மட்டும் தொடர்ந்து கொடுத்தாலும் மற்ற எதிர்ப்புகளும் கூடவே தங்கிவிடும். பிறகு நோயாளிக்குப் பொருத்தும் சிறுநீர்க் குழாய், கழுவாத கை வழியாகக் கிருமி அடுத்த கட்டிலுக்குப் போகும்.

“உடம்புக்கு மருந்து பழகிடுச்சு” என்பார்கள். பழகியது கிருமிக்கு, ஆன்டிபயாட்டிக்கே தொடாதவருக்கும் அது தொற்றலாம்.