மயக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் வேலைக்குப் போவதால் பன்னிரண்டு வயது மகள்தான் கூடப் போய் மொழிபெயர்க்கிறாள். அம்மா ‘மயக்கம்’ என்றார், இவள் நினைவு தப்பியதாகச் சொல்லிவிட்டாள். இதயப் பரிசோதனை வரை போய்விட்டது. அம்மாவுக்கு வந்ததோ தலைசுற்றல். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மகளை அந்த வேலையிலிருந்து விடுவியுங்கள். சிறுநீர் கசிவதையும் மார்பில் கட்டி தட்டுப்படுவதையும் பேத்தியை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டியும் சொல்லமாட்டார். பாட்டிக்குப் புற்றுநோய் என்பதை ஒரு குழந்தையின் வாயால் சொல்லவைப்பது கொடுமை. பெரியவர்களும் ‘அம்மா பயந்துவிடுவார்’ என்று பாதியை விழுங்கிவிடுவதுண்டு. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். நேரில் வர ஆள் இல்லையென்றால் தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

இனி மயக்கத்துக்கு வருவோம். அறையே சுற்றுவதும் மயக்கம், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், நினைவு தப்பி விழுவதும் மயக்கம், மாத்திரை போட்டபின் வரும் தூக்கக் கலக்கமும் மயக்கம். முதலாவதற்கு உள்காதையையும், இரண்டாவதற்கு ரத்த அழுத்தத்தையும், மூன்றாவதற்கு இதயத்தையும் வலிப்பையும் டாக்டர் சந்தேகிப்பார். அதனால் நோய்க்கு வைத்த பெயரை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லவேண்டும்: என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, விழுந்தாரா, விழுந்தது நினைவிருக்கிறதா. ‘மூச்சுப் பிடிப்பு’ இன்னொரு வில்லங்கம். விலாவில் சதை பிடித்துக்கொண்டதைச் சொல்ல, அது மூச்சுத்திணறலாகப் போய்ச் சேரும்.

1980இல் புளோரிடாவில் சுயநினைவின்றிக் கொண்டுவரப்பட்ட பதினெட்டு வயது இளைஞரைப் பற்றி உறவினர்கள் ஸ்பானிய மொழியில் ‘இன்டாக்ஸிகாடோ’ என்றார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொல்லவந்தது. மருத்துவமனைக்கோ அது போதையில் இருப்பவரைக் குறிக்கும் ‘இன்டாக்ஸிகேட்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லாகக் கேட்டது; போதைமருந்தை அதிகம் எடுத்துக்கொண்டதாகப் புரிந்துகொண்டது. மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது கவனிக்கப்படவில்லை. அவருக்குக் கை கால் நான்கும் செயலிழந்தன. அங்கே தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இல்லை. இரண்டு சொற்களும் ஒன்றுபோல ஒலித்ததால் அப்படி ஒருவர் தேவை என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்குப் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி உட்காரட்டும். அப்போதுதான் டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவார். ஒரு தடவைக்கு இரண்டு வாக்கியம் போதும். ‘அவர் சொல்கிறார்’ என்று சுருக்காமல் ‘எனக்கு வலிக்கிறது’ என்று தன்மையிலேயே சொல்லவேண்டும். சொல் குழப்பமாக இருந்தால் ஊகிக்காமல் அம்மாவிடமே கேட்கவேண்டும், கேட்டதை டாக்டருக்கும் சொல்லவேண்டும்.

‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மாத்திரையை எப்படிப் போடப்போகிறார் என்று அம்மா தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். தவறு பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும். ‘மூன்று வேளை’ என்றால் சாப்பாட்டோடா, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையா? ‘ஒரு ஸ்பூன்’ என்றால் எந்த ஸ்பூன்? சமையலறை ஸ்பூன்கள் ஒரே அளவல்ல. மில்லிலிட்டரில் கேட்டு, மருந்தோடு வரும் அளவுக் குப்பியில் அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ரிசல்ட் ‘நெகட்டிவ்’ என்றால் தேடிய நோய் தென்படவில்லை என்று உடனே தமிழில் விளக்கிவிடவேண்டும்; கெட்ட செய்தி என்று நினைத்து அழுதவர்கள் உண்டு.

அடுத்த முறை போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மருந்துகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அட்டையில் அச்சிட்டிருக்கும் பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.