எண்ணாக எழுதியதெல்லாம் அளவாகுமா? மாறிகளைப் பற்றிய கேள்வி பதில்

மும்பையில் புள்ளியியலைப் பாடமாகவோ தொழிலுக்காகவோ படித்துவரும் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளும், செம்பூரில் நெடுங்காலம் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்களும்.

கேள்வி (மாட்டுங்கா, பி.காம். முதலாண்டு மாணவி): ஐயா, சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் சரியாகப் போட்டுவிடுகிறேன். ஆனால் "இது எந்த வகை மாறி?" என்று கேட்டால் தடுமாறுகிறேன். எண்ணாக இருந்தால் அளவுசார் மாறி என்று எழுதியதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை.

பதில்: ஆளுக்கு ஆளோ நாளுக்கு நாளோ மாறும் பண்பு எதுவோ அதுதான் மாறி. எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக ஒன்று அளவாகிவிடாது. நம் ஊர் அஞ்சல் குறியீட்டையே பாருங்கள். சயான் 400022, மேற்கு முலுண்ட் 400080. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 400051 வருகிறது. அது கிழக்கு பாந்திராவின் குறியீடு. சயானிலிருந்து முலுண்ட் செல்லும் வழியில் பாந்திரா வருவதே இல்லை. கணக்கில் பிழை ஏதுமில்லை, ஆனால் விடைக்குப் பொருள் இல்லை. ஆகவே மாறியின் வகையை முடிவு செய்யும் முன் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். இரண்டு மதிப்புகளில் எது பெரிது என்று சொல்வதில் பொருள் உண்டா? ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவதில் பொருள் உண்டா? ஒன்று மற்றொன்றைப் போல் இரு மடங்கு என்று சொல்ல முடியுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது பெயரளவை. முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால் வரிசை அளவை. இரண்டாவதற்கும் ஆம் என்றால் இடைவெளி அளவை. மூன்றுக்கும் ஆம் என்றால் விகித அளவை. எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1946இல் வகுத்த இந்த நான்கு பிரிவுகளைத்தான் இன்றும் பாடநூல்கள் பின்பற்றுகின்றன. இரத்தப் பிரிவும் தொலைபேசி எண்ணும் பெயரளவை. ரயில் பெட்டியின் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பது வரிசை அளவை. தாதரிலிருந்து தாணே செல்ல ஆகும் நிமிடங்கள் விகித அளவை.

கேள்வி (முலுண்ட்): அப்படியானால் வெப்பநிலை? 40 டிகிரி என்பது 20 டிகிரியின் இரு மடங்குதானே?

பதில்: செல்சியஸில் அப்படித் தோன்றும். அதே இரண்டு வெப்பநிலைகளையும் பாரன்ஹீட்டில் எழுதினால் 104, 68 என்று வரும்; இரு மடங்கு காணாமல் போய்விடுகிறது. அளவுகோலை மாற்றியவுடன் மறைந்துவிடும் விகிதத்துக்குப் பொருள் கிடையாது. எனவே இது இடைவெளி அளவை.

கேள்வி (செம்பூர், செவிலியர் பயிற்சி மாணவி): வயது தனித்த மாறியா, தொடர் மாறியா? ஒரு நூலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கிறது.

பதில்: இந்தக் குழப்பம் நியாயமானது. ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக எண்ணப்படுவது தனித்த மாறி; இரண்டு மதிப்புகளுக்கு இடையே எந்த மதிப்பையும் ஏற்கக்கூடியது தொடர் மாறி. வயது நொடிக்கு நொடி கூடிக்கொண்டே போகும் ஒன்று. அந்த வகையில் அது தொடர் மாறி. ஆனால் மருத்துவமனைப் பதிவேட்டில் "34" என்று எழுதும்போது முடிந்த ஆண்டுகளை மட்டுமே பதிகிறோம். 34 என்று பதிவானவர் 34 வயதிலிருந்து 35க்குச் சற்று முன்பு வரை எங்கும் இருக்கலாம். அதனால் முடிந்த ஆண்டுகளைக் கொண்டு கண்ட சராசரி வயது, உண்மையான சராசரியைவிட ஏறக்குறைய அரை ஆண்டு குறைவாகவே இருக்கும். அதே வயதை "15க்குக் கீழ், 15 முதல் 59 வரை, 60உம் அதற்கு மேலும்" என்று பிரித்து எழுதிவிட்டால் அது வரிசை அளவையாகிவிடுகிறது. ஆகவே ஒரு மாறியின் வகையைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, அது எவ்வாறு பதியப்பட்டது என்பதை வைத்தே சொல்ல வேண்டும். நுண்ணிய பதிவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பிரிவுகளுக்கு இறங்கலாம். பிரிவுகளிலிருந்து நுண்ணிய பதிவுக்குத் திரும்ப வழியில்லை. நோயாளியிடம் வயதைக் கேட்கும்போது பிரிவைக் குறிக்காமல் பிறந்த தேதியையே வாங்கி எழுதுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தேர்வில் எழுத வேண்டுமானால், "வயது இயல்பில் தொடர் மாறி, இங்கு முழு ஆண்டுகளில் பதியப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

கேள்வி (வாஷி, எம்.பி.ஏ.): வாடிக்கையாளர் திருப்தியை 1 முதல் 5 வரை கேட்டிருக்கிறேன். சராசரி எடுக்கலாமா? வழிகாட்டி எடுக்கச் சொல்கிறார், நூல் கூடாது என்கிறது.

பதில்: ரென்சிஸ் லிக்கர்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1932இல் முன்வைத்த முறையைப் பின்பற்றும் கேள்விகள் இவை. 1க்கும் 2க்கும் உள்ள தூரமும் 4க்கும் 5க்கும் உள்ள தூரமும் ஒன்றே என்று எவராலும் உறுதிகூற முடியாது. எனவே ஒரு தனிக் கேள்வியின் விடை வரிசை அளவையே. ஒரே கருத்தை அளக்கும் பல கேள்விகளின் மதிப்புகளைக் கூட்டி வரும் மொத்தத்துக்குச் சராசரி எடுப்பது பரவலான வழக்கம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். தனிக் கேள்விக்கு மட்டும் சராசரியை நம்பாதீர்கள். ஒரு கடைக்கு ஐந்து பேர் 3, 3, 3, 3, 3 என்றும், மற்றொரு கடைக்கு 1, 1, 3, 5, 5 என்றும் மதிப்பிட்டால் இரண்டின் சராசரியும் 3, இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) 3. ஆனால் இரண்டாம் கடையில் இருவர் கோபத்தோடு வெளியேறியிருக்கிறார்கள். ஒவ்வொரு மதிப்பையும் எத்தனை விழுக்காட்டினர் தேர்ந்தார்கள் என்ற அட்டவணையை அறிக்கையில் முதலில் வையுங்கள். சராசரி வேண்டுமென்று வழிகாட்டி சொன்னால் அதன் அடியில் சேருங்கள்.

கேள்வி (தாராவி, தோல் பை தைத்து விற்பவர்): அண்ணே, நான் படிப்பை விட்டு நாளாகிறது. தினமும் கணக்கு எழுதுகிறேன். அதில் எது மாறி, எது எதைச் சார்ந்தது என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: உங்கள் கணக்கு நோட்டு எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததன்று. முதலில் முடிவு செய்ய வேண்டியது, நோட்டின் ஒரு வரி எதைப் பற்றியது என்பது. ஒரு வரி ஒரு நாளைக் குறித்தால், அன்று தைத்த பைகளின் எண்ணிக்கை தனித்த மாறி. செலவான தோலின் சதுர அடி தொடர் மாறி. அன்று மழையா இல்லையா என்பது பெயரளவை. ஒரு வரி ஒரு பையைக் குறித்தால் "பைகளின் எண்ணிக்கை" என்ற மாறியே இருக்காது. அங்கு பையின் தரம், விலை, வாங்கியவர் மொத்த வியாபாரியா சில்லறையா என்பவை மாறிகளாகும். பணம் பைசா பைசாவாக எண்ணப்படுவதால் கறாராகப் பார்த்தால் தனித்த மாறிதான். ஆனால் படிகள் அவ்வளவு சிறியவை என்பதால் தொடர் மாறியாகவே நடத்துகிறோம்.

சார்ந்த மாறி, அதாவது மற்றொன்றைப் பொறுத்து மாறுவது, எது என்பதை நோட்டு சொல்லாது, நீங்கள் கேட்கும் கேள்விதான் சொல்லும். "மழை நாள்களில் விற்பனை குறைகிறதா?" என்று கேட்டால் விற்பனை சார்ந்த மாறி, மழை சாரா மாறி. "விற்பனை கூடினால் தையல்காரருக்குக் கொடுக்கும் கூலி எவ்வளவு கூடுகிறது?" என்று கேட்டால் அதே விற்பனை சாரா மாறியாகிவிடும்.

கேள்வி (அந்தேரி): மாதிரியின் மாறுபாட்டை (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) காணும்போது மதிப்புகளின் எண்ணிக்கையான n-க்குப் பதிலாக n−1 ஆல் வகுப்பது ஏன்?

பதில்: 4, 6, 8, 10, 12 என்ற ஐந்து மதிப்புகளின் சராசரி 8. விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 40. ஐந்தால் வகுத்தால் 8, நான்கால் வகுத்தால் 10. திட்ட விலக்கம் முறையே 2.83, 3.16. இந்த ஐந்துதான் உங்கள் முழுமைத் தொகுதி என்றால் ஐந்தால் வகுப்பது சரி. பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்றால், தொகுதியின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாததால் மாதிரியின் சராசரியை வைத்து விலக்கம் காண்கிறோம். வர்க்கக் கூடுதல் மிகச் சிறியதாக அமைவது மாதிரியின் சொந்தச் சராசரியிலிருந்து அளக்கும்போதுதான். உண்மையான சராசரியிலிருந்து அளந்திருந்தால் அது பெரும்பாலும் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். அந்தக் குறையை ஈடுசெய்யவே வகுக்கும் எண்ணை ஒன்று குறைக்கிறோம்.

கேள்வி (சயான், ஒரு தாய்): பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் தினமும் இருபது கணக்குப் போடுகிறான், மதிப்பெண் ஏறவில்லை. எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, கணக்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு வாரத்துக்கு விடை காணாமலே பயிற்சி செய்யட்டும்: ஒவ்வொரு கணக்கிலும் ஒரு பதிவு யாரைப் பற்றியது, மாறி எது, அதன் வகை என்ன, அதற்குச் சராசரி, இடைநிலை, முகடு (அடிக்கடி வரும் மதிப்பு) ஆகியவற்றில் எதுவும் எந்தப் படமும் பொருந்தும் என்று மட்டும் எழுதட்டும். பெயரளவைக்கு முகடும் பட்டைப் படமும். தொடர் மாறிக்கு நிகழ்வுச் செவ்வகப் படம் (ஹிஸ்டோகிராம்), அதில் பட்டைகளுக்கிடையே இடைவெளி விடக்கூடாது. மாதச் சம்பளம் ஆயிரங்களில் 18, 20, 22, 25, 140 என்றால் சராசரி 45, ஆனால் ஐவரில் நால்வர் அதற்கு வெகு கீழே இருக்கிறார்கள்; 22 என்ற இடைநிலையே அங்கு பொருத்தம் என்பதைச் சூத்திரத்தைத் தொடும் முன்பே அவன் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் விடை காணும்போது, சராசரி சிறும மதிப்புக்கும் பெரும மதிப்புக்கும் இடையில் உள்ளதா, விலக்கங்களின் கூடுதல் பூச்சியமா என்று தானே சரிபார்க்கட்டும்.

கேள்வி (மாட்டுங்கா மாணவி, மீண்டும்): பெயரளவைக்குச் சராசரி கிடையாது என்றீர்கள். ஆனால் ஆம் என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0 என்று போட்டுச் சராசரி எடுக்கிறார்களே?

பதில்: நல்ல கேள்வி, இது மட்டும் விலக்கு. 40 பயணிகளில் மாதாந்திர ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் 26 பேர் என்றால், ஒன்றுகளையும் பூச்சியங்களையும் கூட்டி 40ஆல் வகுக்க 0.65 வருகிறது. அது பாஸ் வைத்திருப்போரின் விகிதம். தெளிவான பொருள் உண்டு. மாறுபாடும் 0.65 × 0.35 = 0.2275 என்று நேரே கிடைத்துவிடும். மூன்று பிரிவுகளுக்கு 0, 1, 2 என்று எண் கொடுத்தால் இந்தப் பொருள் குலைந்துவிடும். அங்கு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசை அமைத்துக்கொள்ளுங்கள்.